சட்டைப் பையில் ஒரு வர்ணப் பெட்டி

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பிள்ளை வரைந்த படம் சேறும் சகதியுமாகக் குழம்பிப் போய், "வர்ணம் சரியில்லை" என்று அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, பெரியவர்களின் வாயில் முதலில் வருவது இந்தப் பழமொழிதான். ஆனால், அன்பான வாசகர்களே, கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்வான்?

வகுப்பில் ஆண்டுதோறும் நான் பார்க்கும் காட்சி இது. பத்து வயதுப் பையன் ரப்பர் மரத்தைப் பென்சிலால் அழகாகப் போடுவான். கோடு வெட்டிய பட்டை, கம்பியில் தொங்கும் மங்கு எல்லாம் கச்சிதமாக இருக்கும். வர்ணம் தொட்டதும் படம் கெட்டுவிடும். பெட்டியில் இருக்கும் பச்சை, நம் தோட்டத்தில் எந்த மரத்திலும் இல்லாத பச்சை. கறுப்பைக் கலந்து சரி செய்யப் பார்ப்பான், அழுக்காகிவிடும். வெள்ளையைக் கலப்பான், சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். மூன்று படம் இப்படிப் போனால், "எனக்கு வர்ணம் வராது" என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். குறை பெட்டியில் இருக்க, பழி பிள்ளையின் கையில் விழுகிறது.

ஆகவே, சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன வர்ணப் பெட்டியைப் பார்த்து வாங்குவது எப்படி, வாங்கிய பெட்டியை நம் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது எப்படி என்று இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். வீட்டுக்குள் உட்கார்ந்து புத்தகப் படத்தைப் பார்த்து எழுதுவதற்கல்ல. வெளியே போய், மரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் உட்கார்ந்து, கண்ணால் கண்டதை வரைவதற்கு.

வெட்டி எடுத்த பாலும் கீறி எடுத்த பிசினும்

நீர்வர்ணம் என்பது என்ன? நிறப்பொடியும் பிசினும்தான் முக்கியம். பிசின், ஆப்பிரிக்காவில், முக்கியமாகச் சூடான் நாட்டில் வளரும் ஒருவகை வேல மரத்திலிருந்து வருகிறது. அங்குள்ளவர்கள் மரத்தின் பட்டையைக் கீறிவிட்டுக் காத்திருக்கிறார்கள். கசிந்து கட்டியாகும் பிசினை வந்து சேகரிக்கிறார்கள். கேட்கும்போதே நமக்குப் பழக்கப்பட்ட வேலையாகத் தெரிகிறதல்லவா?

நம் ரப்பருக்கும் ஓவியன் பையில் இடம் உண்டு. பென்சில் கோட்டை ரப்பர் அழிக்கும் என்று 1770-ஆம் ஆண்டில் எழுதி வைத்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில விஞ்ஞானி. தேய்ப்பதால்தான் அதற்கு ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயரே வந்தது. இன்று ஓவியக் கடைகளில் மாஸ்கிங் ஃபுளூயிட் என்ற சிறு புட்டி விற்கிறது. வெள்ளையாகவே விட வேண்டிய இடத்தில் அதைத் தடவி, காய்ந்த பின் மேலே வர்ணம் பூசி, பிறகு விரலால் உரித்து எடுப்பார்கள். அதை மூக்கருகே கொண்டு போனால் பால் ஸ்டோர் வாசனை அடிக்கும். காரணம், அந்த வகைகளில் பல, அம்மோனியா சேர்த்த ரப்பர் பாலால் ஆனவை.

பெரியவர்களின் சின்னப் பெட்டி

முற்காலத்து ஓவியர்கள் வர்ணத்தைத் தாங்களே அரைத்துக் கொண்டார்கள். 1780-ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் ரீவ்ஸ் என்பவர் வர்ணத்தைக் கட்டியான வில்லைகளாகச் செய்து விற்றார். 1830-களில் வின்சர் அண்டு நியூட்டன் நிறுவனத்தார் கிளிசரின் சேர்த்து, ஈரத் தூரிகை பட்டதும் கரையும் மென்மையான வர்ணங்களைக் கொண்டு வந்தார்கள். அதன் பிறகு ஓவியன் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எங்கும் நடக்கலாம் என்றாயிற்று.

இங்கிலாந்தின் பெரும் ஓவியர் டர்னர் (1775–1851) கொண்டு போன பயணப் பெட்டி ஒன்று பஞ்சாங்கம் போன்ற ஒரு புத்தகத்தின் தோல் அட்டையால் ஆனது. அதற்குள் வர்ண வில்லைகளை ஒட்டி வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதரே பழைய அட்டையில் பெட்டி செய்துகொண்டார் என்றால், மிட்டாய் டின்னில் செய்துகொள்ள நமக்கு என்ன வெட்கம்?

நம்மவர்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1820-களிலிருந்து 1850-கள் வரை சென்னை மாகாணத்தில் செடி கொடிகளை ஆராய்ந்தார். அவருக்காக அவற்றை வர்ணத்தில் எழுதியவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு தென்னிந்திய ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே வைட் 'கோவிந்தூயியா' என்று தம் ஓவியரின் பெயரைச் சூட்டினார். பிற்காலத்தில் சில்பி என்ற ஓவியர், ஊர் ஊராகப் போய்க் கோயில் சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்த படங்கள் ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று வெளிவந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே பினாங்கு இருக்கிறது. மலேசிய நீர்வர்ண ஓவியத்துக்கு வேர் விட்ட மண் அது. கூச்சிங்கில் பிறந்து பினாங்கில் குடியேறிய யோங் முன் சென் (1896–1962), பினாங்கிலேயே பிறந்த அப்துல்லா ஆரிஃப் (1904–1962) ஆகியோர் கடற்கரையையும் கம்பத்தையும் நேரில் பார்த்து வரைந்தவர்கள். அப்துல்லா ஆரிஃப் ஓர் ஓவிய ஆசிரியர். 1960-இல் அவர் வரைந்த 'பூமி பஹாகியா' எதைக் காட்டுகிறது தெரியுமா? அரண்மனையை அல்ல, ஓர் ஈயச் சுரங்கத்தை. மனிதர் உழைக்கும் இடம் ஓவியத்துக்கு ஏற்றது என்று அவர் கண்டார். ஈயச் சுரங்கம் படமாகலாம் என்றால் பால் மரக்காடும் பிரட்டுக் களமும் ஏன் ஆகக் கூடாது?

கடையில் பார்க்க வேண்டியவை

கடைக்குப் போனதும் நிறங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். முப்பத்தாறு நிறப் பெட்டியைவிடப் பன்னிரண்டு நிறப் பெட்டி மேல். கீழ்க்கண்டவற்றை மட்டும் கவனியுங்கள்.

முதலாவது, கிண்ணிகள் கழற்றி மாட்டக் கூடியவையாக இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள சிறு கிண்ணிகளை ஹாஃப் பேன் என்பார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தருவார். வர்ணம் நேராகப் பெட்டியிலேயே வார்க்கப்பட்டிருந்தால், பிடிக்காத நிறத்தை எடுத்துவிட்டு வேறு போட வழியில்லை.

இரண்டாவது, மூடியின் உட்புறம் வெள்ளையாக, கலப்பதற்குக் குழிகளோடு இருக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியில் புதிதில் வர்ணம் முத்து முத்தாக உருண்டு ஓடும். பற்பசையைத் துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்துக் கழுவினால் அது குறையும்.

மூன்றாவது, தரம். மாணவர் தரம், ஓவியர் தரம் என இரண்டு உண்டு. ஓவியர் தரத்தில் ஒரு சின்ன டியூபின் விலைக்கு ஒரு பள்ளிப் பெட்டியையே வாங்கிவிடலாம். நமக்கு மாணவர் தரமே போதும். வின்சர் அண்டு நியூட்டன் நிறுவனத்தின் காட்மன், ஜப்பானின் சக்குரா கோய் ஆகியவை பைக்குள் அடங்கும் பெட்டிகளாகவே வருகின்றன. பள்ளிக்கூடங்களில் பழக்கமான புஞ்சோ டியூபுகளைக் கொண்டும் தொடங்கலாம். போஸ்டர் கலர் மட்டும் வேண்டாம். அதன் குணம் வேறு.

நான்காவது, டியூபின் மேல் சிறு எழுத்தில் இருக்கும் குறியீடு. நல்ல வர்ணங்களில் எந்த நிறப்பொடி என்று அச்சிட்டிருப்பார்கள். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின் நீலம். ஒரே குறியீடு இருந்தால் ஒரே பொடி. மூன்று நான்கு இருந்தால் ஏற்கெனவே கலந்தது, மேலும் கலந்தால் எளிதில் சேறாகும். கிரிம்சன் சிவப்பில் பி.ஆர். 83 வெயிலில் மங்கும், பி.வி. 19 நிலைக்கும். சிறுவர்களுக்கு வாங்கும்போது, நச்சுத்தன்மை இல்லை என்பதைக் காட்டும் ஏ.பி. என்ற வட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வர்ணமானாலும் தூரிகையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் கூடவே கூடாது.

குறியீடே இல்லாத வர்ணமா? வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு தாளில் ஒவ்வொரு நிறத்தையும் பட்டையாகத் தடவுங்கள். பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் இரண்டு மாதம் ஒட்டி வையுங்கள். பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தால், எது நிற்கும் எது ஓடும் என்று தெரிந்துவிடும்.

நீக்க வேண்டியதும் சேர்க்க வேண்டியதும்

பன்னிரண்டு நிறப் பெட்டியில் பெரும்பாலும் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு, இரண்டு பச்சை இருக்கும். நான்கையும் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். நீர்வர்ணத்தில் தாள்தான் வெள்ளை. பச்சையையும் கறுப்பையும் நாமே கலந்துகொள்வோம்.

மிச்சம் இருக்க வேண்டியவை எட்டு: லெமன் மஞ்சள், அடர் மஞ்சள், ஸ்கார்லெட் சிவப்பு, கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், புருஷியன் நீலம், எல்லோ ஓக்கர் எனும் காவி மஞ்சள், பர்ன்ட் சியன்னா எனும் சுட்ட செங்காவி. காலியான நான்கு இடங்களில் இரண்டில், அதிகம் செலவாகும் அல்ட்ராமரினும் காவி மஞ்சளும் இன்னொரு கிண்ணி வையுங்கள். மற்ற இரண்டில் ஒரு துண்டுப் பஞ்சு வைக்கலாம்.

அல்ட்ராமரின் நமக்குப் புதிதல்ல. முன்பு வெள்ளை வேட்டிக்கும் பள்ளிச் சட்டைக்கும் தோய்த்த நீலக்கட்டியில் இருந்தது அதே பொடிதான்.

இனிக் கலவைகள். முற்றிய ரப்பர் இலைக்கு அடர் மஞ்சளும் அல்ட்ராமரினும், அதோடு ஒரு துளி செங்காவி. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும் காலத்தில் அடர் மஞ்சள், ஸ்கார்லெட், செங்காவி மூன்றும் வேண்டும். பின்னர் வரும் தளிருக்கு லெமன் மஞ்சளில் ஒரு பொட்டு கிரிம்சன். செம்பனைக்குப் புருஷியன் நீலமும் காவி மஞ்சளும். இளம் நெல்லுக்கு லெமன் மஞ்சளில் ஊசி முனையளவு புருஷியன். கூடினால் வயல் கெட்டுவிடும். தோட்டத்துச் செம்மண் பாதைக்குச் செங்காவியும் காவி மஞ்சளும். மழை பெய்து ஓய்ந்த பாதை என்றால் கொஞ்சம் கிரிம்சன் சேருங்கள். மழை மேகத்துக்கும் தகரக் கூரைக்கும் அல்ட்ராமரினும் செங்காவியும் நிறையத் தண்ணீரில். அதே இரண்டைக் கெட்டியாகக் கலந்தால், கடைக் கறுப்பைவிட உயிருள்ள கறுப்புக் கிடைக்கும்.

கடைசியாக, முகம். இளஞ்சிவப்புக் கலந்த ஒரு வெளிறிய நிறத்தை நம் பிள்ளைகள் 'ஸ்கின் கலர்' என்று சொல்லி, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதையே பூசுகிறார்கள். யாருடைய தோல் அது? அமெரிக்காவின் கிரயோலா நிறுவனமே 'சதை நிறம்' என்று தான் வைத்திருந்த பெயரை 1962-இல் நீக்கி, பீச் என்ற பழத்தின் பெயரை வைத்துவிட்டது. நாம் இன்னும் விடவில்லை. செங்காவியில் சிறிது கிரிம்சன், நிழலுக்குச் சிறிது அல்ட்ராமரின் கலந்து பாருங்கள். வெயிலில் நின்று வேலை செய்யும் அம்மாவின் முகம் தாளில் வரும். தன் அம்மாவின் நிறத்தைக் கலக்கத் தெரிந்த பிள்ளை, அதை மாற்றிப் பூச வேண்டும் என்று பிறகு நினைக்க மாட்டான்.

மிட்டாய் டின்னில் ஒரு பெட்டி

கடைப் பெட்டிக்கு வசதியில்லையா? கீல் வைத்த மூடியுள்ள மிட்டாய் டின் ஒன்று போதும். மூடியின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை எனாமல் சாயம் இரண்டு பூச்சுக் கொடுத்து, வாசனை போகும்வரை காய விடுங்கள். துரு பிடிக்காமலும் இருக்கும். வர்ணம் கலக்கவும் ஆகும்.

கேஸ் கடைக்காரர் ஐஸ் பெட்டியில் ஒட்டக் கொடுக்கும் காந்த அட்டையைக் கத்தரித்து, ஒவ்வொரு கிண்ணியின் அடியிலும் ஒட்டுங்கள். கிண்ணி டின்னைப் பிடித்துக்கொள்ளும், வேண்டும்போது பெயர்த்தும் மாற்றலாம். டின் அலுமினியமாக இருந்தால் காந்தம் ஒட்டாது, முதலிலேயே சோதித்துவிடுங்கள். கிண்ணிக்குப் பதிலாகப் புட்டி மூடிகளும் உதவும்.

டியூப் வர்ணத்தை ஒரே தடவையில் கிண்ணி நிறையப் பிதுக்கக் கூடாது. காயும்போது சுருங்கி வெடித்துவிடும். மூன்றில் ஒரு பங்கு பிதுக்கிப் பல்குத்தியால் கிளறி, காற்றை வெளியேற்றிக் காய வையுங்கள். காய்ந்த பின் அடுத்த பங்கு. நம் ஊர் ஈரக் காற்றில் இது முடிய ஒரு வாரம்கூட ஆகும். வெடித்து உதிரும் வர்ணமாக இருந்தால், மருந்துக் கடைக் கிளிசரின் ஒரே ஒரு துளி சேருங்கள். கூடுதலாகப் போனால் என்றைக்கும் காயாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். தேன் சேர்த்துச் செய்யும் வெளிநாட்டு வர்ணங்களும் இப்படித்தான். குளிர் நாட்டுக்குச் சரி, கெடாவுக்கு ஒத்து வராது.

நம் பருவநிலையில் வர்ணப் பெட்டியின் முதல் எதிரி பூஞ்சணம். வரைந்து முடித்ததும் ஈரத்தோடு மூடாதீர்கள். நிழலில் திறந்து வைத்து, நன்றாகக் காய்ந்த பின் மூடுங்கள்.

தூரிகை, தாள், தண்ணீர்

தூரிகை ஒன்றே போதும்: உருண்டை வகையில் ஆறாம் அல்லது எட்டாம் எண். கடையிலேயே தண்ணீரில் தோய்த்து ஓர் உதறு உதறுங்கள். நுனி ஊசி போல் கூடினால் வாங்கலாம். பிடி நீளமாக இருந்தால் பெட்டிக்குள் அடங்கும்படி அறுத்துவிட்டு, முனையைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ரப்பர் பால் சேர்ந்த திரவத்தை மட்டும் நல்ல தூரிகையால் தொடாதீர்கள். பழையதொன்றைச் சவர்க்காரத்தில் தோய்த்துப் பயன்படுத்துங்கள்.

பள்ளி டிராயிங் பிளாக் தாள் பெரும்பாலும் மெல்லியது. தண்ணீர் பட்டதும் நெளியும். 300 கிராம் எடையுள்ள நீர்வர்ணத் தாள் ஒன்றை முழுத் தாளாக வாங்குங்கள். 56-க்கு 76 சென்டிமீட்டர் உள்ள அந்தத் தாளை நான்குக்கு நான்காக வெட்டினால், 14-க்கு 19 சென்டிமீட்டரில் பதினாறு துண்டுகள் கிடைக்கும். பதினாறு வாரத்துக்கு வாரம் ஒரு படம் வரையலாம்.

மற்றபடி, இருமல் மருந்துப் புட்டியில் தண்ணீர், அதன் அளவு மூடியே கிண்ணம், பழைய வேட்டித் துணி ஒரு துண்டு, அடியில் வைக்க அட்டை ஒன்று, துணியைப் பிடிக்கும் கிளிப்புகள் இரண்டு. அவ்வளவுதான் மூட்டை. 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்பது இதற்கும் பொருந்தும்.

எங்கே, எப்போது?

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். மாலை ஐந்துக்கு மேலும் ஆகும். உச்சி வெயிலில் வர்ணம் தூரிகை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். மழை நாளில் காயவே காயாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் வடக்கே மழை குறைவு. இலை உதிர்வதும் அப்போதுதான் என்பதால் வரைபவர்களுக்கு அதுவே பண்டிகைக் காலம். தாளை மடியில் சாய்த்து, நிழலில் உட்கார வேண்டும். வெள்ளைத் தாளில் வெயில் நேராக விழுந்தால் கண் கூசி நிறம் ஏமாற்றும்.

கோலா கெத்திலில் இருப்பவருக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் ஊர் இது. கலங்கிய ஆற்று நீருக்குக் காவி மஞ்சளும் செங்காவியும் ஒரு துளி நீலமும் போதும். பாலிங் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் மலை. சுங்கைப் பட்டாணிப் பக்கம் போனால் 1,217 மீட்டர் உயரத்தில் குனோங் ஜெராய். சிறுவர்கள் தனியாக ஆற்றங்கரைக்குப் போக வேண்டாம். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

ஆனால் மலையையும் ஆற்றையும் பிறகு வரைந்துகொள்ளலாம், அவை எங்கும் போய்விடாது. முதலில் வரைய வேண்டியவை நம் வாசலில் இருக்கின்றன. கெடாவில் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் தோட்டமே வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. லயத்து வரிசை, பால் ஸ்டோர், பிரட்டு மணி தொங்கிய மரம், ஆலமரத்தடி முனீஸ்வரர் இவையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. கைத்தொலைபேசியில் படம் பிடித்தால் போதாதா என்று கேட்கலாம். பிடியுங்கள், நல்லதுதான். ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்து வரைந்த பிள்ளைக்கு, லயத்தில் எத்தனை கதவு, எந்த வீட்டின் முன் முருங்கை மரம், கூரையின் எந்தத் தகரம் துருப்பிடித்தது என்பது வரை மனத்தில் நிற்கும். பக்கத்தில் தாத்தா வந்து நின்றால், அந்த வீட்டில் முன்பு யார் இருந்தார் என்ற கதையும் சேர்ந்து வரும்.

பெற்றோர்களே, படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். எஸ்.பி.எம். தேர்வில் காட்சிக் கலைக் கல்வி ஒரு பாடம். அச்சுத் தொழில், கட்டட வரைபடம், விளம்பரம், துணி வடிவமைப்பு எல்லாவற்றிலும் நிறம் அறிந்த கண்ணுக்கு வேலை உண்டு. அது பிள்ளையின் விருப்பம். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். இந்தச் சனிக்கிழமை ஒரு மிட்டாய் டின்னைத் தேடி எடுங்கள். எட்டு நிறத்தை நிரப்பிக் காய வையுங்கள். அடுத்த வாரம் பிள்ளையோடு பழைய லயத்துப் பக்கம் போய் நிழலில் உட்காருங்கள். வரைந்து முடித்ததும் தாளின் பின்புறத்தில் தேதி, தோட்டத்தின் பெயர், வீட்டு எண், அங்கே குடியிருந்தவர் பெயர் ஆகியவற்றை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். மழைக்காலத்தில் நனையாத இடத்தில், பிறப்புப் பத்திரம் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.